அந்தமான் கடலின் பம்பரச் சங்கு

சட்டைப் பொத்தான் அறுந்து தொல்லைப்படாத மாணவர் நம் வளாகத்தில் ஒருவரும் இரார். அறுந்த பொத்தானைத் தேடிக் கட்டிலுக்கடியில் தவழ்ந்திருக்கிறோம். கிடைக்காதபோது ஊக்கு ஒன்றைக் குத்திக்கொண்டு வகுப்புக்கு ஓடியிருக்கிறோம். ஆனால் அந்தப் பொத்தான் எதனால் ஆனது என்று எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்? இன்று நாம் அணிவன பெரும்பாலும் பிளாஸ்டிக் பொத்தான்களே. நம் பாட்டனார் காலத்தில் நிலை வேறு. நல்ல சட்டைக்கு நல்ல பொத்தான் வேண்டுமென்றால் அது கடலிலிருந்து வரவேண்டும். வெண்மையும் மினுமினுப்பும் கொண்டு, சற்றே சாய்த்தால் இளஞ்சிவப்பும் பச்சையும் காட்டும் சிப்பிப் பொத்தானே அன்று மதிப்புடையது. இன்றும் விலையுயர்ந்த சட்டைகளில் அதனைக் காணலாம்.

அப்பொத்தான்களில் கணிசமான பகுதி, ஒரு கடல் நத்தையின் ஓட்டிலிருந்து அறுத்து எடுக்கப்பட்டது. அந்த நத்தை இந்திய நாட்டில் ஒரே இடத்தில்தான் இயற்கையாக வாழ்கிறது. அவ்விடம், பிழைப்புத் தேடியும் படிப்புத் தேடியும் நம்மவர் வந்து குடியேறியிருக்கும் இந்த அந்தமான் நிக்கோபார்த் தீவுகளே. நாம் நாள்தோறும் பேருந்தில் கடந்து செல்லும் கடற்கரையின் அலைவாய்ப் பாறைகளில் அது ஊர்ந்துகொண்டிருக்கிறது.

விடுதியில் நண்பர் சிலர் இரவு இரண்டு மணி வரை கணினி முன் அமர்ந்து, கடலடியில் பிழைத்திருக்கும் விளையாட்டு ஒன்றை ஆடுகிறார்கள். அதில் மூச்சு முடிவதற்குள் மூழ்கி, எங்கோ ஒரு பாறை இடுக்கில் கிடைக்கும் அரும்பொருளை எடுத்து வந்தால்தான் அடுத்த கருவியைச் செய்ய முடியுமாம். "கிடைக்கவே மாட்டேன் என்கிறதடா" என்று அவர்கள் தலையில் கை வைத்துக்கொள்வதைக் கண்டிருக்கிறேன். நம் வாசலில் உள்ள கடலில் மெய்யாகவே அத்தகைய பொருள் ஒன்று உண்டு. அதைத் தேடி மூச்சடக்கி மூழ்கியவர்களும் உண்டு. அதனை எங்ஙனம் காண்பது, எதற்குப் பயன்படுத்தினார்கள், இப்போது ஏன் அரிதாயிற்று என்பதையே இங்குச் சொல்லப் புகுகிறேன்.

முதலில் பெயரைச் சொல்லிவிடுவோம். இதனை ட்ரோக்கஸ் என்பர் வணிகர். கிரேக்க மொழியில் சக்கரத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஆங்கிலேயர் பம்பரம் என்னும் பொருள்படவே இதனை வழங்குகின்றனர். கவிழ்த்து வைத்த பம்பரம் போலவே இது இருக்கும். ஆதலின் நான் இதனைப் பம்பரச் சங்கு என்றே அழைக்கிறேன். மன்றத்துப் புலவர் எவரேனும் இதனினும் நல்ல பெயர் தந்தால் மறுப்பின்றி ஏற்றுக்கொள்வேன். விஞ்ஞானப் பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. 1767இல் லின்னேயஸ் என்னும் பேரறிஞர் இதற்கு ட்ரோக்கஸ் நைலோட்டிக்கஸ் என்று பெயரிட்டார்; அதாவது நைல் ஆற்றுப் பம்பரம்! நைல் ஆற்றில் இப்பிராணி இல்லை, என்றும் இருந்ததுமில்லை. இப்போது இதனை ரோக்கியா என்னும் இனத்தில் சேர்த்துவிட்டார்கள். எனினும் நைல் ஆறு மட்டும் அதன் பெயரை விட்டு அகலவில்லை.

வளர்ந்த பம்பரச் சங்கின் அடிப்புறம் 10 முதல் 12 செ. மீ. அகலம் இருக்கும், அதனினும் பெரியனவும் உண்டு. ஓட்டின் வெளிப்புறம் வெண்மை. அதில் செந்நிறமும் ஊதாவும் கலந்த பட்டைகள் தீச்சுடர் போல மேலேறும். ஆனால் உயிரோடிருக்கும்போது இந்த அழகு எதுவும் கண்ணில் படாது. ஓட்டின் மேல் பாசியும் சுண்ணாம்புப் படிவும் படர்ந்து, அது ஒரு கல்லாகவே தோற்றமளிக்கும். முதன்முதலாக எங்கள் ஆசிரியரோடு தாழ்நீர் வேளையில் பாறைத்திட்டின் மேல் நடந்தபோது, அவர் சுட்டிக்காட்டிய இடத்தை நான் நான்கு முறை பார்த்தேன். கல்லைத்தான் கண்டேன். "அந்தக் கல்லுக்கு அடித்தளம் ஏன் அவ்வளவு வட்டமாக இருக்கிறது?" என்று அவர் கேட்ட பிறகே உண்மை புலப்பட்டது. அன்றிலிருந்து நான் கடைப்பிடிப்பது இதுதான்: நிறத்தைத் தேடாதே, வடிவத்தைத் தேடு.

அது வாழும் இடத்திற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. பவளப்பாறையின் கரைப்பக்கத்து அமைதி நீரில் பெரிய சங்குகளைக் காண்பது அரிது. பாறை கடலை நோக்கிச் சரியும் விளிம்பில், அலை ஓயாது மோதும் இடத்தில்தான் அவை மிகுதி. அங்கே நீர் தூயது. பாறையில் மெல்லிய பாசி தழைத்திருக்கும். பாசியே அதன் உணவு. அரம் போன்ற நாவினால் பாறையைச் சுரண்டிச் சுரண்டித் தின்னும். பகலில் இடுக்குகளில் ஒதுங்கிக் கிடந்துவிட்டு, இரவில் மேய்ச்சலுக்குப் புறப்படும். குஞ்சுகளின் இடம் வேறு. அவை ஆழமற்ற பாறைத்தளத்தில், உடைந்த பவளக் கற்களிடையே மறைந்து வாழும்; வளர வளரக் கடற்பக்கம் நகரும். இருபது மீட்டர் ஆழம் வரை பெரியவை உண்டெனினும், பெரும்பாலானவை அதற்கு மிக மேலேயே இருக்கின்றன. மூச்சடக்கி மூழ்கத் தெரிந்தவன் எவனும் எட்டக்கூடிய ஆழம் அது. இப்பிராணியின் போதாக்காலம் அங்குதான் தொடங்கியது எனலாம்.

இனி, ஓட்டின் உள்ளே வருவோம். இந்த ஓட்டில் அப்படி என்ன இருக்கிறது? என் சொந்த ஊர் தூத்துக்குடி. என் தாத்தா சங்கு குளித்தவர். எனக்கு ஒன்பது வயதாகும்போது தந்தையார் துறைமுக வேலைக்கென இத்தீவுக்கு வந்தார். நாங்களும் உடன் வந்தோம். ஒரு விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தபோது பம்பரச் சங்கின் படத்தைத் தாத்தாவிடம் காட்டினேன். "ஏலே, நம்ம சங்கு இதைவிடக் கனம், இதைவிட வெள்ளை. அதை விட்டுட்டு இதுல என்னலே பொத்தான் அறுத்தானுவ?" என்று கேட்டார். நல்ல கேள்வி. நம் சங்கு வங்காளத்துக்குச் சென்று வளையலாயிற்று. கொற்கையில் சங்கறுத்து வளையல் செய்த தொழில் மிகப் பழையது. ஆனால் சங்கில் எவரும் பெருவாரியாகப் பொத்தான் செய்யவில்லை. ஏன்?

இரண்டும் ஒரே சரக்கால் ஆனவைதாம். நாம் வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பின் உறவான கால்சியம் கார்பனேட்டே இரண்டிலும் உள்ளது. வேறுபாடு அடுக்கிய முறையில்தான். நம் சங்கில் நுண்ணிய படிக இழைகள் ஒன்றன் குறுக்கே ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. அதனால் அது பீங்கான் போல வெண்மையாக, உறுதியாக இருக்கும், மினுங்காது. பம்பரச் சங்கின் உட்புறமோ முத்து எதனால் ஆனதோ அதே பொருளால் ஆனது. அதனை முத்தொளிப் படலம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே சுண்ணாம்பு, தட்டுத் தட்டாக இருக்கிறது. ஒவ்வொரு தட்டும் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு தடிமன். தட்டுக்கும் தட்டுக்கும் இடையே புரதத்தால் ஆன மிக மெல்லிய பசை. நத்தை இனங்களில் இத்தட்டுகள் நாணயங்களை அடுக்கியது போலக் கோபுரம் கோபுரமாக எழுகின்றன. முத்துச்சிப்பியிலோ செங்கற்சுவர் போல மாற்றி மாற்றி அமைகின்றன. நுண்ணோக்கியில் அந்தக் கோபுரங்களைக் கண்ட நாள் எனக்கு உணவு செல்லவில்லை என்றால் மிகையாகாது.

இந்த அடுக்கினால் இரண்டு நன்மை. ஒளியின் அலைநீளமும் தட்டின் தடிமனும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால், பல தட்டுகளில் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலந்து, சில நிறங்கள் வலுப்பெற்றும் சில மங்கியும் தோன்றுகின்றன. ஓட்டில் சாயம் ஏதும் இன்றி வானவில் பிறப்பது இவ்வாறே. இரண்டாவது, உறுதி. வெறும் சுண்ணாம்புப் படிகம் சுண்டினால் உடையும். முத்தொளிப் படலத்தில் விரிசல் ஒன்று புகுந்தால், தட்டுக்குத் தட்டு திரும்பித் திரும்பி அலைந்து, பசையை இழுத்து இழுத்துக் களைத்துப் போகிறது. எடையில் நூற்றுக்கு 95 பங்கு சுண்ணாம்பாக இருந்தும், உடைப்பதற்கு வேண்டிய உழைப்பு தனிப் படிகத்தைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் என்று அளந்திருக்கிறார்கள். ஆதலின் நடுவே நான்கு துளையிட்டு நூல் கோத்து இழுத்தாலும் பொத்தான் பிளவதில்லை. வண்ணான் துறைக் கல்லுக்கும் ஓரளவு தாக்குப் பிடித்தது. தாத்தாவின் கேள்விக்கு இதுவே விடை. "சரி, மினுக்கு வேணும்ங்கிறவனுக்கு அது, உறுதி வேணும்ங்கிறவனுக்கு நம்மது" என்று அவர் தம் கட்சியை விடாமல் முடித்துக்கொண்டார்!

இவ்விடத்தில் ஒருவரை நினையாமல் அப்பால் செல்ல இயலாது. திருச்சியில் பிறந்த சர் சி. வி. இராமன், நோபெல் பரிசு பெற்ற சில ஆண்டுகளுக்குப் பின், பெங்களூரில் இருந்துகொண்டு சிப்பி ஓடுகளின் நிறங்களைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். 1930களின் நடுப்பகுதி அது. ஓட்டின் மேற்பரப்பு நிறம், ஊடுருவும் ஒளியின் நிறம், சுற்றிப் படரும் ஒளிவட்டம் என ஒவ்வொன்றையும் பிரித்து ஆராய்ந்தார். பெரிய கருவிகள் வேண்டியிருக்கவில்லை. ஓடும், ஒளியும், பொறுமையுமே வேண்டியிருந்தன. விலையுயர்ந்த கருவி இல்லாததால் ஆராய்ச்சி ஓடவில்லை என்று நாம் சொல்லிக் கொள்வதற்கு இது நல்ல மருந்து.

பொத்தான் செய்யும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கசாப்புக் கத்தியோ உளியோ இங்கே பயன்படாது. குழாய் வடிவமான ஒரு இரம்பம். அதன் விளிம்பில் பற்கள். அது சுழலும்போது, ஓட்டினைப் பிடித்து அதன் மேல் அழுத்தினால் வட்டத் துண்டு ஒன்று கழன்று விழும். ஓட்டின் வாயருகே தொடங்கி, சுருளைப் பின்பற்றி மேலேறிக்கொண்டே துண்டுகளை அறுப்பார்கள். மேற்சுருள்கள் மெலிந்தவை, நடுத்தண்டு பயன்படாது, ஆக, ஓட்டில் கழிவே பெரும்பகுதி. அறுக்கும்போது நீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையேல் ஓடு சூடேறி வெடிக்கும். அதனினும் கொடிது, மாவு போலப் பறக்கும் சுண்ணாம்புத் தூள் தொழிலாளியின் நுரையீரலில் சென்று படியும். பிறகு துண்டினைத் தேய்த்துச் சமப்படுத்தி, முகம் கடைந்து, துளையிட்டு, பீப்பாயில் இட்டு உருட்டி மெருகேற்றுவார்கள். பம்பரச் சங்குப் பொத்தானின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால், வெளி ஓட்டின் செம்பட்டை சில வேளை ஒரு கீற்றாக எஞ்சியிருக்கும். மாற்றுச் சரக்கு அல்ல என்பதற்கு அதுவே முத்திரை. கன்னத்தில் வைத்துப் பார்த்தால் சிப்பி குளிரும், பிளாஸ்டிக் குளிராது. காடிச் சொட்டு ஒன்றை விட்டால் சிப்பி நுரைக்கும். ஆனால் அண்ணன் சட்டையில் இச்சோதனையைச் செய்யவேண்டா, மெருகு போய்விடும்.

இதற்கு ஓர் அண்ணனும் உண்டு. தலைப்பாகைச் சங்கு என்று நான் பெயரிட்டிருக்கும் டர்போ மார்மொரேட்டஸ். இருபது செ. மீ. வரை வளரும்; பச்சை ஓடு; வாயை மூடும் மூடி கல் போலக் கனக்கும். ஜப்பானியர் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இதன் ஒளிப்படலத்தை மெல்லிய தகடாக்கி, அரக்குப் பூசிய மரப்பெட்டிகளில் பூவும் கொடியுமாகப் பதித்து வந்தார்கள். பம்பரச் சங்கைவிட இது இன்னும் அரிது.

ஜப்பானியர் என்றதும் நம் தீவின் வரலாறு நினைவுக்கு வருகிறது. அந்தமான் கடலில் இந்த இரு சங்குகளையும் வணிகத்துக்காகப் பெருவாரியாக எடுத்தல் 1930ஐ ஒட்டித் தொடங்கியது; தொடங்கியவர் ஜப்பானிய முக்குளிப்போர். அவர்கள் வந்து எடுக்கத் தொடங்கிய பிறகே, நம் கடலில் இப்படி ஒரு செல்வம் உண்டு என்பது அன்றைய அரசாங்கத்துக்கு உறைத்தது. 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை இத்தீவுகளைக் கைப்பற்றியபோது, முன்பு சங்கெடுக்க வந்த படகுகள் கடலின் ஆழத்தையும் அளந்து சென்றன என்ற பேச்சு எழுந்தது. அது உண்மையா, தோற்றவர் சொல்லிய சமாதானமா என்பதை வரலாற்று மாணவர் ஆராயட்டும்.

எனக்கு உவகை தருவது அதே ஆண்டுகளில் நடந்த மற்றொரு செயல். சி. அமிர்தலிங்கம் என்பவர், முன்னர் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் சிப்பி ஒன்றின் இனப்பெருக்கத்துக்கும் நிலவின் வளர்பிறை தேய்பிறைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து 1928இல் எழுதியவர். அவர் அந்தமானின் பம்பரச் சங்கினைப் பற்றி 1932இல் கரண்ட் சயன்ஸ் இதழில் எழுதினார். இந்திய விலங்கியல் ஆய்வகத்தைச் சார்ந்த எச். சீனிவாச ராவ், இதன் வளர்ச்சி வேகம், வாழ்நாள், வாழிடம், பழக்கவழக்கம் ஆகியவற்றை இங்கேயே ஆண்டுக்கணக்கில் கவனித்து 1936லும் 1937லும் விரிவாக வெளியிட்டார். இன்று பசிபிக் தீவுகளில் இச்சங்கினைப் பற்றி எழுதுவோரும் அவரை எடுத்துக்காட்டாமல் எழுதுவதில்லை. முக்குளிக் கண்ணாடியும் காற்றுக் கலமும் எளிதில் கிடைக்காத காலத்தில் செய்த வேலை அது. நாமோ அவற்றை எல்லாம் வைத்துக்கொண்டு அவர்கள் பெயரைக்கூட அறியாதிருக்கிறோம்.

1938இல் மீன்வள ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. உரிமம் பெற்றோரே சங்கெடுக்கலாம் என்றாயிற்று. கடலைப் பகுதி பகுதியாகக் குத்தகைக்கு விட்டனர். 1950களில் பிளாஸ்டிக் பொத்தான் உலகெங்கும் பரவியபோது, சங்குக்கு விடுதலை கிடைத்துவிடும் என்று எண்ணியிருக்கக்கூடும். கிடைக்கவில்லை. பொத்தான் போனால் அலங்காரப் பொருள். விளக்கு, பதக்கம், மேசைக் கூண்டு எனச் சங்கின் தேவை நின்றபாடில்லை. குத்தகைக்காரன் ஒருபுறம் எடுத்தான். அயல்நாட்டுப் படகுகள் திருட்டுத்தனமாக மறுபுறம் எடுத்தன. 2001இல் பம்பரச் சங்கும் தலைப்பாகைச் சங்கும் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதற்குள் பல பாறைகள் வெறுமையாகிவிட்டிருந்தன. போதாக்குறைக்கு 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் வட அந்தமானின் பாறைத்திட்டுகள் ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்து, பவளம் வெயிலில் காய்ந்தது. தெற்கே இந்திரா முனையில் நிலம் நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. சங்கு மேயும் விளிம்பு ஒரே நாளில் இடம் மாறிப்போனால் அது எங்கே போகும்?

இங்கே ஓர் ஐயம் எழலாம். 'எடுப்பதை நிறுத்தியாயிற்றே, இலட்சக்கணக்கில் முட்டையிடும் பிராணி சில ஆண்டுகளில் தானே பெருகிவிடாதா?' என் பாடத்தின் சாரமே இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. ஆதலின் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

பம்பரச் சங்கில் ஆண் வேறு, பெண் வேறு. அவை கூடுவதில்லை. இரவு வேளையில், பல இடங்களில் அமாவாசையையோ பௌர்ணமியையோ ஒட்டி, ஆண் முதலில் விந்தினை நீரில் விடுகிறது. அதன் வாடை பட்டதும் பெண் முட்டைகளை விடுகிறது. இரண்டும் நீரில் கலந்து சந்தித்தால் உயிர், சந்திக்காவிடின் வீண். அருகருகே பத்துச் சங்குகள் இருந்தால் சந்திப்பு எளிது. நூறு மீட்டருக்கு ஒன்றாகச் சிதறிக் கிடந்தால், அலை அவற்றைக் கரைத்துவிடும். எனவே ஒரு பாறையில் பாதிச் சங்கினை எடுத்தால் குஞ்சும் பாதியாகக் குறையும் என்று கணக்குப் போடுவது பிழை. அது பாதிக்கும் மிகக் கீழே போய்விடும்.

அடுத்தது, குஞ்சின் பயணம். கடற்பிராணிகள் பலவற்றின் இளங்குஞ்சுகள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீரோட்டத்தில் மிதந்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடந்து புதிய இடத்தில் குடியேறும். பம்பரச் சங்கின் குஞ்சு அப்படியன்று. தாய் கட்டிக் கொடுத்த கருவுணவே அதன் கட்டுச்சோறு. வழியில் வாங்கி உண்பதில்லை. மூன்று முதல் ஐந்து நாளில் சோறு தீரும். அதற்குள் பாறையில் இறங்கியாக வேண்டும். ஆதலின் அது பிறந்த பாறையிலோ அடுத்த பாறையிலோதான் குடியேறுகிறது. நம்மைப் போலக் கடல் கடந்து குடியேறும் இனம் அன்று அது! ஒரு பாறையைத் துடைத்து எடுத்துவிட்டால், தொலைவிலிருந்து எவரும் வந்து அதனை நிரப்பப் போவதில்லை. வளர்ச்சியும் மெதுவே. இனம் பெருக்கும் பருவத்துக்கே இரண்டு மூன்று ஆண்டு. பொத்தானுக்கு ஏற்ற பருமன் அடைய அதற்கு மேலும். அழிப்பதற்கோ, இரண்டு பேரும் ஒரு படகும் ஒரு வாரமும் போதும்.

இதனால்தான் பசிபிக் தீவுகள் சிலவற்றில் அறிவோடு ஒரு முறையை வகுத்தார்கள். ஏறத்தாழ 8 செ. மீ.க்குக் குறைந்த சங்கினை எடுக்கலாகாது. 11 அல்லது 12 செ. மீ.க்கு மேற்பட்டதையும் எடுக்கலாகாது. சிறியதை விடுவதன் காரணம் விளங்கும். பெரியதை ஏன் விட வேண்டும்? பெரிய தாய் இடும் முட்டைகள் மிகப் பல. அதன் ஓடோ புழு துளைத்துப் பொத்தானுக்கு உதவாதது. எடுப்பதால் வணிகனுக்கும் ஆதாயமில்லை. நம் தூத்துக்குடியிலும் குறித்த அளவுள்ள துளையில் நுழைந்து போகும் சிறு சங்குகளைத் திரும்பக் கடலில் விடும் வழக்கம் இருந்தது. தாத்தா அதனை நன்கு நினைவில் வைத்திருக்கிறார். ஆனால் அங்கு மேல் வரம்பு கிடையாது. இரண்டு வரம்பு என்ற எண்ணம்தான் எனக்குப் புதுமையாகப்பட்டது.

இனி என் சொந்தக் கருத்து. சட்டம் போட்டுப் பூட்டி வைத்தது தேவைதான். அதனைக் குறை கூற மாட்டேன். ஆனால் பூட்டு மட்டும் பாறையை நிரப்பாது. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒன் ஆம் பாயிண்ட் என்னும் ஊரில், பார்டி என்னும் தொல்குடி மக்கள் பம்பரச் சங்கினைத் தொட்டியில் பொரிக்கச் செய்து வளர்க்கிறார்கள். அதன் செயல்முறை அத்துணைக் கடினமும் அன்று. பருவமான சங்குகளை இரவில் தொட்டியிலிட்டுத் தூய கடல்நீரை மாற்றினால், பெரும்பாலும் அவை முட்டை விடுகின்றன; பாசி படர்ந்த தட்டுகளைத் தொங்கவிட்டால் குஞ்சுகள் அவற்றில் இறங்குகின்றன. மூன்று நாளுக்குத் தீனி போட வேண்டிய தொல்லையும் இல்லை. சிக்கல் அதற்குப் பிறகுதான். விரல் நுனி அளவுள்ள குஞ்சுகளைப் பாறையில் விட்டால், நண்டும் மீனும் விருந்தெனத் தின்றுவிடுகின்றன. எந்த அளவு வளர்த்து, எந்தப் பாறையில், எந்தப் பருவத்தில் விடுவது என்பதே இன்னும் மல்லுக்கட்ட வேண்டிய இடம். தொட்டியும், பம்பும், ஒரு பாறைத்திட்டும் உள்ள எந்த ஆராய்ச்சி நிலையமும் இதில் இறங்கலாம். நம் துறையில் முதுகலைக்கு ஆய்வுப் பொருள் கிடைக்கவில்லை என்று நூலகத்தில் பெருமூச்சு விடுவோர், வனத்துறையின் அனுமதி பெற்று இதனைக் கையிலெடுக்கலாம். நான் அவ்வழியில்தான் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன். கூட்டுக்கு ஆள் தேவை.

விடுமுறைக்குத் தாயகம் செல்லும் நண்பர்களுக்கு ஒரு செய்தி. கரையில் செத்துக் கிடந்த ஓடுதானே என்று பெட்டியில் வைத்துக்கொள்ளாதீர்கள். விமான நிலையத்தில் சோதனையில் எடுத்துவிடுவார்கள். விளக்கம் சொல்லி மாளாது. தவிர, செத்த ஓடும் வீண் அன்று. துறவி நண்டுக்கு அதுவே வீடு.

பம்பரச் சங்கினைப் பார்க்க மட்டும் ஆசையுள்ளவர்கள், போர்ட் பிளேர் எனப் பெயர் பெற்றிருந்து 2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆன நம் நகரில், சமுத்திரிகா கடற்படை அருங்காட்சியகத்துக்குச் செல்லுங்கள்; சங்கு வகைகளை அங்கே வரிசையாக வைத்திருக்கிறார்கள். உயிரோடு பார்க்க வேண்டுமென்றால் அமாவாசையை ஒட்டிய தாழ்நீர் நாளாகப் பார்த்து, நீச்சல் அறிந்த ஒருவரோடு, தேசியப் பூங்கா எல்லைக்குப் புறத்தே உள்ள பாறைத்திட்டுக்குப் போங்கள். டிசம்பரில் நம் தீவில் ஐந்தரை மணிக்கே இருட்டிவிடும். கைவிளக்கு வேண்டும், கனத்த அடியுள்ள செருப்பு வேண்டும். பவளத்தின் மேல் மிதிக்காதீர்கள். முதலை எச்சரிக்கைப் பலகை நட்டிருக்கும் கரையானால், சங்கு எத்தனை இருந்தாலும் இறங்கவே இறங்காதீர்கள்.